பிரேக் ஆயில் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நான் திருப்பூர்க்காரன், வயது 22. வேலைக்குச் சேர்ந்து கையில் ஆறு லட்சம் சேர்ந்திருக்கிறது. ஓட்டுவதற்கு உற்சாகமான ஒரு கார் வாங்குவது பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசை. 2014 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்று கோவையில் விலைக்கு வந்திருக்கிறது. வாங்கியதும் ஸ்டேஜ் 1 ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி பவரைக் கூட்டுவது) செய்துவிடலாம் என்று இருக்கிறேன். ஒரு நண்பன் பலேனோ ஆர்எஸ் பார் என்கிறான், இன்னொருவன் டியாகோ ஜேடிபி என்கிறான். அப்பா வேகன் ஆர் போதும் என்கிறார். வேகன் ஆரை விட்டால் மற்ற மூன்றில் எது நல்லது? சிவப்பா, வெள்ளையா? ரீசேல் எதற்கு அதிகம்? முன்சக்கர இழுவை வண்டியில் உண்மையான டிரைவிங் சுகம் கிடைக்காது என்கிறார்களே, சரியா? கார் வந்ததும் ஒரு விடியற்காலையில் நாலு பேராக வால்பாறை போய், வண்டி என்ன செய்யும் என்று பார்த்துவிடுவது திட்டம்.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் ரீமேப் இருக்கிறது, நிறம் இருக்கிறது, ரீசேல் இருக்கிறது, வால்பாறையும் இருக்கிறது. பிரேக் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. டயரும் இல்லை. இந்த வயதுப் பையன்கள் எழுதும் கடிதம் எல்லாவற்றிலும் இதே ஓட்டையைப் பார்க்கிறேன். அதனால்தான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

நிறம் உங்கள் இஷ்டம். ரீசேலை நினைத்து வாங்குவதென்றால் அப்பா சொன்ன வேகன் ஆரையே வாங்கிவிடலாம். முன்சக்கர இழுவையைக் குறை சொன்னவர் பேச்சை விட்டுவிடுங்கள்; முதல் காருக்கு அதுதான் நல்லது. வளைவில் வேகம் மிஞ்சினால் வண்டியின் மூக்கு வெளியே தள்ளும். ஆக்ஸிலரேட்டரை மெதுவாகத் தளர்த்தினால் பெரும்பாலும் திரும்ப உள்ளே வரும். வளைவின் நடுவில் பயந்து காலைச் சட்டென்று எடுத்தாலோ பிரேக்கை ஓங்கி மிதித்தாலோ இதிலும் வால் வீசும். இந்த வித்தியாசத்தைக் காலில் உணரப் பழகுவதற்கே ஒரு வருடம் போகும்.

இப்போது அந்த போலோ. 2013-இல் வந்த ஜிடி டிஎஸ்ஐ 1.2 லிட்டர் டர்போ, 105 பிஎஸ் (குதிரைசக்தி அளவு), டார்க் என்கிற சுழற்றும் விசை 175 என்எம். எடை 1,100 கிலோவுக்குச் சற்று மேல். ஆக டன்னுக்கு 95 பிஎஸ். 2018-இல் வந்த சாதாரண ஸ்விஃப்ட் பெட்ரோல் மேனுவல் 83 பிஎஸ், எடை 870 கிலோ சொச்சம். கணக்குப் போடுங்கள், அதுவும் டன்னுக்கு 95தான். டார்க்கில் போலோ வெகுதூரம் முன்னே நிற்கிறது, மறுக்கவில்லை. 1,500 ஆர்பிஎம்மிலேயே இழுக்கத் தொடங்கிவிடும். ஸ்விஃப்ட்டை 4,000க்கு மேலே விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கற்றுக்கொள்கிறவருக்கு அந்த வேலைதான் சுகம். பாடியின் உறுதியில் போலோவே மேல்: 2014 குளோபல் என்கேப் மோதல் சோதனையில் இரண்டு ஏர்பேக் உள்ள போலோவுக்கு 4 நட்சத்திரம், 2018-இல் ஸ்விஃப்ட்டுக்கு 2. ஜிடி டிஎஸ்ஐயில் வண்டி சறுக்கினால் தானாகத் திருத்தும் இஎஸ்பியும் உண்டு. அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் நிம்மதி அடைவார்.

ஆனால் அந்த வண்டி ஏழு கியர் டிஎஸ்ஜி, தானாகவே கியர் மாற்றும் வகை. உள்ளே இரண்டு கிளட்ச், இரண்டும் உலர் வகை, எண்ணெயில் குளிர்வதில்லை. அவிநாசி ரோடு மாலை நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்கிற ஒவ்வொரு நொடியும் கிளட்ச் பாதி பிடித்தபடி உரசிச் சூடாகிறது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது ஒரு நடுக்கம் வந்தால் கிளட்ச் தேய்கிறது என்று அர்த்தம். கியர்களை மாற்றும் மெக்கட்ரானிக் யூனிட் போனால் செலவு லட்சத்தைத் தாண்டும், அதுவும் பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் நடுரோட்டில் போகும். பத்து வருடம் தாண்டிய டிஎஸ்ஜியை ஆறு லட்சம் மட்டும் கையில் வைத்திருக்கும் 22 வயதுப் பையன் வாங்கக் கூடாது. 2020-இல் வந்த 1.0 டிஎஸ்ஐ ஆறு கியர் மேனுவல் போலோ கிடைத்தால் வேறு பேச்சு. அது 110 பிஎஸ்.

பலேனோ ஆர்எஸ் 2017-இல் வந்தது. 1.0 லிட்டர் டர்போ, 102 பிஎஸ், எடை வெறும் 950 கிலோ, ஐந்து கியர் மேனுவல் மட்டும், நான்கு சக்கரத்திலும் டிஸ்க். 998 சிசி என்பதால் மூன்றாம் நபர் காப்பீடும் குறைவு. 2022-இல் நிர்ணயித்த கட்டணப்படி 1000 சிசிக்குள் 2,094 ரூபாய், அதைத் தாண்டி 1500 சிசி வரை 3,416. டியாகோ ஜேடிபி நம் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018-இல் கொண்டுவந்தது. 114 பிஎஸ், தாழ்த்திய சஸ்பென்ஷன், நெருக்கமான கியர் விகிதம். மூன்றில் ஓட்டுவதற்கு அதிகம் சிரிக்க வைக்கும் வண்டி அதுதான். எஞ்சின் பாகத்துக்குப் பயமில்லை, நெக்ஸான் பெட்ரோலின் அதே குடும்பம். ஜேடிபிக்கென்றே செய்த பம்பர், ஸ்பிரிங் மாதிரியான சாமான்களுக்குத்தான் அலைய வேண்டியிருக்கும்.

பலேனோவில் ஒன்றைக் கட்டாயம் விசாரியுங்கள். 2023 ஏப்ரலில் மாருதி 7,213 பலேனோ ஆர்எஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம், பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்குவம் பம்ப். அதில் கோளாறு வந்தால் பெடலை வழக்கத்தைவிடப் பலமாக மிதிக்க வேண்டியிருக்கும். சேசிஸ் நம்பரை சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் அந்த வேலை முடிந்ததா என்று சொல்லிவிடுவார்கள். முடியவில்லை என்றால் முடித்துத் தரச் சொல்லி வாங்குங்கள்.

பிரேக் பேச்சு வந்துவிட்டது. இனி இதை விடுவதாக இல்லை.

வால்பாறைக்கு நாலு பேராகப் போகிறீர்கள். வண்டியும் ஆட்களும் சேர்ந்து 1,300 கிலோ என்று வையுங்கள். இறங்கும்போது 800 மீட்டர் உயரம் குறைகிறது என்று வையுங்கள். அந்த எடை அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கினால் வெளிவரும் சக்தி சுமார் 1 கோடி ஜூல். அதே வண்டியை 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுசாக நிறுத்தினால் 5 லட்சம் ஜூல். அதாவது மேலிருந்து ஆழியாறு வந்து சேர்வதற்குள் 100லிருந்து பூஜ்யத்துக்கு 20 முறை நிறுத்திய சூடு எங்காவது போயாக வேண்டும். கொஞ்சம் காற்றுத் தடையில் போகும். இரண்டாவது கியரில் இறங்கினால் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நாலாவது கியரில் காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் ஏறக்குறைய அத்தனையும் நான்கு சக்கரத்தின் பிரேக்குக்குள் போகும், அதிலும் பெரும்பங்கு முன்னிரண்டுக்கு.

அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். முதலாவது, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் சூடேறி வழுக்கும். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், கருகிய வாடை வரும், வண்டி மட்டும் நிற்காது. இது தன்னை அறிவித்துக்கொண்டு வருவது, பிழைத்துக்கொள்ளலாம். இரண்டாவதுதான் ஆளைக் கொல்வது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் திரவம். மூடியிருக்கும் டப்பாவுக்குள்ளும், ரப்பர் ஹோஸ் வழியாகவும் மெல்ல மெல்லக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புது டாட் 4 தர ஆயில் குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஏறத்தாழ 4 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில், பேட்டை அழுத்தும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். முந்தைய வளைவில் நன்றாகப் பிடித்த பெடல் இந்த வளைவில் தரைவரை போய்விடும். எதிரே அரசு பஸ் ஏறி வந்துகொண்டிருக்கும்.

இத்தனைக்கும் மருந்து என்ன விலை தெரியுமா? ஒரு லிட்டர் டாட் 4, சில நூறு ரூபாய். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய கார் வாங்கினால், மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். மெக்கானிக் டப்பாவிலிருந்து உறிஞ்சிவிட்டுப் புதுசை மேலே ஊற்றித் தருவார், ஒப்புக்கொள்ளாதீர்கள். வண்டியின் மேனுவல் சொல்லும் வரிசையில் நாலு சக்கரத்திலும் ஆயிலை வெளியே விடும் பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து, பழுப்பு ஆயில் போய்த் தேன்நிறத்தில் தெளிவாக வரும்வரை வெளியேற்ற வேண்டும். பக்கத்தில் நின்று பாருங்கள். அப்போதே பேட் கனம், டிஸ்க் விளிம்பில் மேடு, ஹோஸில் வெடிப்பு, பின்பக்கம் டிரம் என்றால் வீல் சிலிண்டர் கசிவு, எல்லாம் பார்த்துவிடலாம்.

இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதற்கு மேல் போடாதீர்கள். பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தமாக ஒருமுறை மிதித்து, வேகத்தைக் குறைத்து, முழுசாக விட்டுவிடுங்கள். விடுகிற இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து உருட்டுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படி அணைத்தால் இரண்டு மூன்று மிதியிலேயே, பிரேக் மிதிக்கத் துணை செய்யும் பூஸ்டரின் வேக்குவம் தீர்ந்து பெடல் இறுகிவிடும். கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரம் கட்டிக் காத்திருங்கள். சூடான டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், நெளிந்துவிடும்.

டயர் பற்றிச் சுருக்கமாக. ரோட்டோடு ஒட்டியிருப்பது ஒவ்வொரு டயரிலும் உள்ளங்கை அளவு இடம்தான். பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளுக்குப் பின்னே நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியது என்றால் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், மழையில் பிடிக்காது. நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், வண்டியோடு வந்த அதே அளவு. 17 அங்குல அலாய் ஆசை வேண்டாம். சக்கரம் கனக்கும், பக்கச்சுவர் ஒல்லியாகும், நம் ரோட்டுப் பள்ளத்தில் ரிம் நெளியும்.

ஆகவே ஆறு லட்சத்தையும் காருக்குக் கொட்டாதீர்கள். காரின் விலை நாலே முக்கால் லட்சத்தோடு நிற்கட்டும். மீதியில் டயர், பேட், பிரேக் ஆயில், சஸ்பென்ஷனின் லோயர் ஆர்ம் புஷ், ஷாக், அலைன்மென்ட், காப்பீடு, பெயர் மாற்றம். அப்புறமும் கொஞ்சம் மிஞ்ச வேண்டும். அது செட்டிபாளையத்தில் இருக்கும் ரேஸ் டிராக்கான கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு. 2.1 கிலோமீட்டர் சுற்று, உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு பக்கம்! நம் வண்டியை டிராக்கில் ஓட்டவிடும் டிராக் டே நடத்துகிறார்களா என்று விசாரித்து ஹெல்மெட்டோடு போங்கள். வண்டி என்ன செய்யும் என்று பார்க்க வேண்டிய இடம் அது.

வால்பாறை அல்ல. இதைக் கோபமாகவே சொல்கிறேன் தம்பி. 40 கொண்டை ஊசி வளைவு, வரையாடு நடுரோட்டில் நிற்கும், விடியலில் பனி இறங்கியிருக்கும், தோட்டத் தொழிலாளர்கள் ஓரத்தில் நடந்து போவார்கள். பழகாத வண்டியில் பின்சீட்டில் நண்பர்கள் கத்திக்கொண்டிருக்க அங்கே வேகம் பார்க்கப் போகிறவரை ஓட்டுநர் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் மூன்று மாதம் தனியாக ஓட்டுங்கள். ஆள் இல்லாத மைதானத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதியுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் காலில் தடதடக்கும். பயந்து காலை எடுக்காமல், மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி ஒரு பக்கெட்டைச் சுற்றி வரப் பழகுங்கள். பத்து முறை செய்தால் கால் கற்றுக்கொள்ளும்.

ரீமேப்பை மறந்துவிடுங்கள். பிஎஸ் கூடும், கிளட்சும் பிரேக்கும் பழையதாகவே இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு அனுமதியில்லாத மாற்றத்தைத் தடுக்கிறது. காப்பீட்டுக் கம்பெனியிடம் சொல்லாமல் மாற்றியது தெரிந்தால் க்ளைமை மறுத்துவிடலாம். அப்போது கட்டப்போவது அப்பாவின் சேமிப்பு.

பலேனோ ஆர்எஸ்ஸோ ஜேடிபியோ, எது பார்க்கப் போனாலும் முந்தைய இரவே ஓனரிடம் சொல்லிவிடுங்கள், நாங்கள் வருவதற்குள் எஞ்சினைப் போட வேண்டாம் என்று. காலையில் போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும். நீலப்புகை என்றால் டர்போவோ பிஸ்டனோ எண்ணெய் குடிக்கிறது. பானெட் கீல் போல்ட்டில் ஸ்பானர் பட்ட தழும்பு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் முன்பக்கம் அடிபட்டிருக்கலாம். பிறகு அரை மணி நேரம் ஓட்டி, பின்னால் வண்டி இல்லாத இடத்தில் 80லிருந்து பலமாக பிரேக் போடுங்கள். ஸ்டீயரிங் உதறக் கூடாது, ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. கடைசியில் பணம் பேசும் முன் வண்டியை நம் மெக்கானிக்கின் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஓனர் மறுத்தால் அந்த வண்டி வேண்டாம். அடுத்ததைப் பாருங்கள்.

அன்புடன்