பல வருடச் சைவத்துக்குப் பிறகு மீண்டும் அசைவம்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

சென்னையில் பத்தொன்பது வருடங்களாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். திருவொற்றியூரில் மீன் வாசத்திலேயே வளர்ந்தவள். 22 வயதில் அசைவத்தை விட்டேன்; 33 வயதில், இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மறுபடி சாப்பிடத் தொடங்கினேன். அதனால் இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருக்கும் தயக்கம் எனக்கு நன்றாகவே தெரியும்.

மேடம், ஒன்பது வருடமாகச் சைவம். கறியைச் செரிக்கும் சக்தியே உடம்புக்குப் போயிருக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா? (வேளச்சேரி, 29)

இல்லை. பருப்பிலும் பாலிலும் உள்ள புரதத்தைச் செரிக்கிற அதே நொதிகள்தான் கறியில் உள்ள புரதத்தையும் செரிக்கின்றன. ஒன்பது வருடமும் அவை தினமும் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தன. வயிறு கனத்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெய், கொழுப்பு, அளவு. முதல் நாளே மட்டன் பிரியாணியில் இறங்காதீர்கள். ஒரு வாரம் முட்டை, பிறகு குழம்பு மீன், அப்புறம் கோழி. ஆட்டுக்கறி கடைசியில் வரட்டும். இன்னொன்று: கறி வந்ததும் பலர் தட்டிலிருந்து கீரையும் பொரியலும் காணாமல் போகின்றன. மலச்சிக்கல் என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது அதைத்தான்.

அப்பாவுக்கு 66 வயது. சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அசைவத்தை விட்டு முப்பது வருடம் ஆகிறது. சில மாதங்களாகப் பாதத்தில் எறும்பு ஊர்வது போல் இருக்கிறது, மரத்துப்போகிறது என்கிறார். ஆட்டுக்கால் சூப் கொடுத்தால் சரியாகும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். (அம்பத்தூர், 41)

தயவுசெய்து சூப்பை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். நாளைக் காலையே மருத்துவரைப் பார்த்து, வைட்டமின் பி12 அளவுக்கு ரத்தப் பரிசோதனை எடுங்கள். இந்த மரத்துப்போதல் சர்க்கரையால் வந்ததாகவும் இருக்கலாம், பி12 குறைவால் வந்ததாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். மெட்ஃபார்மினை நீண்ட காலம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது தெரிந்த விஷயம். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடக் கூடாது. முப்பது வருடச் சைவமும் வயதும் கூடச் சேர்ந்திருக்கின்றன. வயதானால் உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்கும் திறன் பலருக்குக் குறைகிறது. குறைவு கடுமையாக இருந்தால் ஊசி போடுவார்கள். வெறும் ஃபோலிக் அமில மாத்திரையை வாங்கிக் கொடுப்பதும் ஆபத்து: ரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்பின் சேதம் உள்ளே தொடரும். நாள்பட்ட நரம்புச் சேதம் முழுவதும் திரும்பாமலே போகலாம். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். அவர் அசைவம் சாப்பிடுவதா என்பதைப் பிறகு நிதானமாக அவரே முடிவு செய்யட்டும்.

அக்கா, எனக்கும் பி12 குறைவு. கறி சாப்பிட்டே ஆக வேண்டுமா? மனம் ஒப்பவில்லை. (மயிலாப்பூர், 26)

வேண்டாம். மருத்துவர் தரும் மாத்திரையே போதும். பால், தயிரிலும் கொஞ்சம் கிடைக்கும். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதித்துப் பாருங்கள். உங்கள் மனதைக் கஷ்டப்படுத்தி ஒரு துண்டுகூடச் சாப்பிடாதீர்கள்.

நீங்கள் முதலில் என்ன சாப்பிட்டீர்கள்? அருவருப்பாக இல்லையா? (தாம்பரம், 38)

நெத்திலிக் குழம்பு. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்து, காசிமேட்டுக்குப் புது மீன் வரத் தொடங்கியிருந்த வாரம். ஹீமோகுளோபின் எட்டரைக்கு இறங்கி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நாட்கள். அம்மா திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு நெத்திலியாகத் தலையைக் கிள்ளி, குடலை விரலாலேயே இழுத்தெடுத்து, கல்லுப்பு போட்டு மூன்று தண்ணீர் அலசினாள். மாங்காய் போட்டு மண்சட்டியில் குழம்பு. கவிச்சி வாடை வந்ததும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். புளியும் மாங்காயும் கொதித்த பிறகுதான் உள்ளே வர முடிந்தது. மூன்று மீன் சாப்பிட்டேன். நான்காவது இறங்கவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள்.

அருவருப்பு போக இரண்டு மாதம் ஆனது. என் ஹீமோகுளோபினை ஏற்றியது இரும்புச்சத்து மாத்திரைதான். அந்தப் பெருமையை மீனுக்குக் கொடுக்க மாட்டேன். மீன் எனக்குத் திருப்பித் தந்தது பசியை.

மனைவி சுத்த சைவம். நான் ஆறு மாதமாக வெளியில் சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமல் இருக்கிறேன். (பெரம்பூர், 35)

தம்பி, இந்த வாரமே சொல்லிவிடுங்கள். நான் பார்த்த குடும்பங்களில் சாப்பாடு மாறியதற்காக வந்த சண்டை சீக்கிரம் அடங்கியது. மறைத்ததற்காக வந்த சண்டை வருடக்கணக்கில் நீண்டது. சொல்லும்போது, “உன் அடுப்பில் சமைக்க மாட்டேன், உன்னைச் சமைக்கச் சொல்ல மாட்டேன்” என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பின்னாளில் அவரே வீட்டில் சமைக்கச் சம்மதித்தால் தனிச் சட்டி, தனிக் கத்தி, தனிப் பலகை, ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டு என்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். அது சுகாதாரத்துக்கும் அவசியம்: பச்சைக் கோழியில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம், அதே கத்தியில் வெள்ளரிக்காய் நறுக்கக் கூடாது. வாடகை வீட்டைச் சைவம் மட்டும் என்ற பேச்சின் பேரில் வாங்கியிருந்தால், வீட்டுக்காரரிடமும் பேசிவிடுங்கள்.

கறிக்கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாமே? (போரூர், 31)

அது வேகமாக வளர்வது இனத்தேர்வாலும் தீவனத்தாலும். ஹார்மோன் கதையை விட்டுவிடுங்கள். நாம் கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பற்றி: கோழிகளுக்குக் கண்டபடி கொடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகி, நமக்கு நோய் வரும்போது அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம். கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழி வளர்ப்பில் பயன்படுத்த மத்திய அரசு 2019-இல் தடை விதித்தது அதனால்தான்.

பதினைந்து வருடம் கழித்து இறால் சாப்பிட்டேன். உதடு தடித்து அரித்தது. பழகிவிடுமா? (அடையாறு, 44)

பழகாது. இனி இறாலும் நண்டும் தொடவே வேண்டாம். அடுத்த முறை மூச்சுக்குழாய் வரை போகலாம். ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள்.

அம்மா, எனக்கு 68 வயது. வள்ளலார் வழியில் இருபது வருடமாகப் புலால் தொடவில்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. புரதம் வேண்டும், முட்டையாவது சாப்பிடுங்கள் என்கிறார்கள். அழுகை வருகிறது. (கொரட்டூர்)

அழாதீர்கள் அம்மா. புரதம் வேண்டும் என்பது உண்மை. அது முட்டையாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. உங்கள் எடை 50 கிலோ என்றால் நாளுக்கு 50 கிராமுக்குக் குறையாமல் வைத்துக்கொள்வோம். 100 கிராம் பனீரில் சுமார் 18 கிராம் கிடைக்கும். இரண்டு வேளை கெட்டிப் பருப்பு, சுண்டல், சோயா, தயிர் என்று சேர்த்தால் மீதியும் வந்துவிடும். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று நாள் நீங்கள் சாப்பிட்டதை, காபி உட்பட, வேளை வாரியாக ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். பட்டியலை நான் போட்டுத் தருகிறேன்.