‘எல்.எம்.ஐ.ஏ. வந்துவிட்டது, மீதிப் பணத்தைக் கட்டுங்கள்’: கட்டலாமா?

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏழு வருடமாக சி.என்.சி. மெஷினில் வேலை பார்க்கிறேன். கனடாவில் மெஷினிஸ்ட் வேலை, கம்பெனியே ஸ்பான்சர் செய்கிறது என்று வடபழனியில் ஒரு கன்சல்டன்சி 2 லட்சம் ரூபாயை ஜிபேயில் வாங்கியது. என் பாஸ்போர்ட்டும் டிப்ளமோ சான்றிதழும் அவர்களிடம்தான் இருக்கின்றன. எல்.எம்.ஐ.ஏ. வந்துவிட்டதாம். மீதி 6 லட்சம் கட்டினால் விசிட்டர் விசாவில் அனுப்பி, அங்கே போனதும் ஒர்க் பெர்மிட்டாக மாற்றித் தருவார்களாம். ‘கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்று 100 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். நகையை அடகு வைக்க வீட்டில் தயாராக இருக்கிறார்கள். கட்டலாமா? கட்டாவிட்டால் கொடுத்தது போய்விடுமா?

பதில்: கட்டாதீர்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

எல்.எம்.ஐ.ஏ. என்பது உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டி, கனடா முதலாளி அந்நாட்டு அரசிடம் வாங்கும் அனுமதி. ஒரு பணியிடத்துக்கு 1,000 கனடிய டாலர் கட்டணம். அதை முதலாளிதான் கட்ட வேண்டும். தொழிலாளியிடம் வசூலிக்கக்கூடாது, ஆள் பிடித்துக் கொடுத்த கமிஷனையும் அவர் தலையில் கட்டக்கூடாது. உங்கள் பங்குக்கு ஒர்க் பெர்மிட் கட்டணம் 155 டாலர், பயோமெட்ரிக் 85 டாலர், மருத்துவப் பரிசோதனை, போலீஸ் கிளியரன்ஸ், இவ்வளவுதான். இதில் 8 லட்சம் எங்கிருந்து வந்தது என்று அவர்களிடமே கேளுங்கள். விலைக்கு வரும் எல்.எம்.ஐ.ஏ. ஒன்று போலியாக இருக்கும், அல்லது இல்லாத வேலைக்கு வாங்கியதாக இருக்கும்.

பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை அந்த விசிட்டர் விசாதான். விசிட்டராக உள்ளே போய் அங்கிருந்தபடியே ஒர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க கொரோனா காலத்தில் ஒரு தற்காலிகச் சலுகை இருந்தது. 2024 ஆகஸ்ட் 28-ஆம் தேதி அதை முடித்துவிட்டார்கள். உங்கள் ஏஜென்ட் செத்துப்போன சட்டத்தை விற்கிறார். வேலைக்குப் போகும் எண்ணத்தை மறைத்து ‘சுற்றிப் பார்க்கப் போகிறேன்’ என்று விண்ணப்பத்தில் எழுதினால், அது கனடா குடியேற்றச் சட்டத்தின் 40-வது பிரிவில் பொய்த்தகவல். ஐந்து வருடம் அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. ‘ஏஜென்ட்தான் நிரப்பினார், எனக்குத் தெரியாது’ என்பது அங்கே எடுபடாது. இன்றுவரை நீங்கள் ஏமாற்றப்பட்டவர். விஷயம் தெரிந்த பிறகும் கட்டினால் அந்தப் பொய்யில் நீங்களும் பங்காளி.

முதலில் பாஸ்போர்ட்டை வாங்குங்கள். கோபப்பட வேண்டாம், புகார் பேச்சை எடுக்கவே வேண்டாம். ‘பேங்கில் லோனுக்கு ஒரிஜினல் கேட்கிறார்கள்’ என்று சொன்னால்கூடப் போதும். ஆன்லைன் விண்ணப்பத்துக்கு ஸ்கேன் செய்த நகல்தான் தேவை. கனடா விசா விண்ணப்பங்களைப் பெறும் வி.எஃப்.எஸ். மையத்தில் கைரேகை கொடுக்கும்போது ஒரிஜினல் உங்கள் கையில் இருக்க வேண்டும், பிறகு விசா ஒட்ட அரசே கேட்கும்போது கொடுக்க வேண்டும். இடையில் அது ஏஜென்ட்டின் மேஜை டிராயரில் கிடக்க எந்தக் காரணமும் இல்லை. பாஸ்போர்ட் சட்டம் 1967-ன் 17-வது பிரிவுப்படி பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. தனியார் யாரும் அதைப் பிணையாக வைத்துக்கொள்ள முடியாது.

வேலை ஒருவேளை உண்மையாக இருந்தால்? எல்.எம்.ஐ.ஏ. முடிவுக் கடிதத்தின் முழு நகலைக் கேளுங்கள். எண், கம்பெனி பெயர், சம்பளம், வேலை நடக்கும் ஊர், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கும். 2024 மே முதல் அதன் ஆயுள் அதிகபட்சம் ஆறு மாதம். பிறகு, ஏஜென்ட் கொடுத்த நம்பரை விட்டுவிட்டு, கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் கனடா அரசு வைத்திருக்கும் தொழில் குறியீட்டையும் கடிதத்தில் பாருங்கள். மெஷினிஸ்ட் என்றால் 72100, மெஷின் ஆபரேட்டர் என்றால் 94106. கடிதத்தில் 72100 இருந்து, உங்கள் அனுபவச் சான்றிதழில் வெறும் ‘சி.என்.சி. ஆபரேட்டர்’ என்று இருந்தால் நல்ல கேஸ்கூட அங்கேயே மடங்கிவிடும். டிராயிங் படித்து, செட்டிங் போட்டு, மைக்ரோமீட்டரில் அளவு சரிபார்ப்பது உங்கள் வேலை என்றால், அதை கம்பெனி லெட்டர்ஹெட்டில் விவரமாக எழுதி வாங்குங்கள். செய்யாத வேலையை மட்டும் எழுத வைக்காதீர்கள்.

கனடா விண்ணப்பத்தைப் பணம் வாங்கிக்கொண்டு கையாள்பவர் அந்நாட்டு வழக்கறிஞராகவோ, உரிமம் பெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும். ஆலோசகரின் எண் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும், அவர்களுக்கு உரிமம் தரும் ‘காலேஜ்’ என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பொதுப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். ஐ.எம்.எம். 5476 என்ற பிரதிநிதிப் படிவத்தில் தன் பெயரைப் போடத் தயங்குகிறவர், உங்களைத் தனியாக மாட்டிவிட்டு நழுவப் போகிறவர்.

இனி நம் ஊர்ச் சட்டம். குடிபெயர்வுச் சட்டம் 1983-ன் 10-வது பிரிவுப்படி பதிவு இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதே குற்றம். இரண்டு வருடம்வரை சிறை. பதிவு பெற்ற ஏஜென்ட்கூட 30,000 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், ஆக 35,400 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது, ரசீதும் தர வேண்டும். பதிவு பெற்றவர்களில் இவர்கள் பெயர் இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். ‘நாங்கள் கன்சல்டன்சி, ஏஜென்சி அல்ல’ என்பார்கள். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, வேலை வாங்கித் தருவதாகப் பணம் வாங்கினார்களா என்பதுதான் கேள்வி.

அந்த 100 ரூபாய்ப் பத்திரத்துக்குப் பயப்படாதீர்கள். சட்டவிரோதமான நோக்கமுள்ள ஒப்பந்தம் செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவு. ஸ்டாம்ப் ஒட்டியதால் மோசடி நியாயமாகிவிடாது.

ஜிபே பரிவர்த்தனை எண்கள், பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் உரையாடல், வாய்ஸ் மெசேஜ் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்துக்கு புதிய சாட்சியச் சட்டத்தின் (பி.எஸ்.ஏ. 2023) 63-வது பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும், அதற்கு அந்த போனே அடிப்படை. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் 15 நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பல ஏஜென்ட்கள் இந்தக் கட்டத்திலேயே பேரத்துக்கு வருவார்கள். பாதித் தொகைக்கு ‘எல்லாம் பைசல்’ என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

பாஸ்போர்ட்டைத் தர மறுத்தாலோ, பணம் வராவிட்டாலோ காவல் நிலையத்தில் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 318(4), மோசடி, என்று எழுத்தில் புகார் கொடுத்து புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காக மத்திய அரசு சென்னையில் வைத்திருக்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். காவல் நிலையம் இழுத்தடித்தால், உயர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்பிவிட்டு, பிரமாணப் பத்திரத்துடன் மாஜிஸ்திரேட்டிடம் குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 175(3)-ன் கீழ் போகலாம். பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உண்டு. செலுத்திய தொகை 5 லட்சம்வரை மனுக்கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு வருடம். முதல் ஜிபே எந்தத் தேதியில் போனது என்பதை இன்றே குறித்துவைத்து, அந்தத் தேதியிலிருந்தே நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள்.