இடிக்கும் முன் காகிதம்: வீட்டு வேலைக்கான பிளான், அனுமதி பற்றிக் கேள்வி பதில்

22 வருஷமாக அடுத்தவர் வீட்டில் டேப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. அளந்து, பிளான் போட்டு, அனுமதிக்கு ஃபைல் கட்டிக் கொடுப்பேன். இன்று மாலை முழுக்க இங்கே இருக்கிறேன். ஒரு வேண்டுகோள்: கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளில் வரும், எந்த நம்பர் படிவம் என்று கேட்காதீர்கள். அது ஊருக்கு ஊர் வேறு, உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில்தான் விசாரிக்க வேண்டும். எங்கே போனாலும் மாறாததைக் கேளுங்கள்.

புதுசா வாங்கியவர்: சார், எந்த வேலைக்கு அனுமதி வேணும், எதுக்கு வேணாம்? நம்ம வீட்டுக்கு நாம எதுக்கு இன்னொருத்தர்கிட்ட கேட்கணும்?

சார் இல்லை, அக்கா. இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். 1666-ல் லண்டன் எரிந்தபோது தீ மர வீடுகள் வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே போனது. மறு வருஷமே வெளிச்சுவர் செங்கல்லாகவோ கல்லாகவோ இருக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. சுவர் உங்களுடையதுதான், அது சரிந்தால் விழும் இடம் பக்கத்து வீடு. அதனால்தான் கேட்கச் சொல்கிறார்கள்.

இப்போது முதல் கேள்வி. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் மனதுக்குள் பார்ப்பது இதைத்தான்: பாரம் மாறுகிறதா, வீட்டின் வெளிக்கோடு நகருகிறதா, இடத்தின் உபயோகம் மாறுகிறதா, தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், கேஸ் இவற்றின் வழி மாறுகிறதா. நாலுமே இல்லை என்றால் பெரும்பாலும் அனுமதி தேவைப்படாது. பெயின்ட், கதவு மாற்றுவது, ஷெல்ஃப் அடிப்பது எல்லாம் இந்த வகை. ஒன்றாவது ஆம் என்றால் விசாரித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். 'பாரம்' என்பதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பழைய தரையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே இரண்டு இன்ச் கலவை போட்டு டைல்ஸ் ஒட்டினால் சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் ஏறும். மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்தால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். மேலே புதுசாக ஒரு நாலரை இன்ச் செங்கல் சுவர் பத்தடி உயரத்துக்குக் கட்டினால், ஒரு மீட்டர் நீளத்துக்கே 650 கிலோ வரை வரும். இதெல்லாம் 'சின்ன வேலை' என்ற பெயரில்தான் நடக்கிறது.

ஃபைல் தூக்கி அலைபவர்: என்னென்ன காகிதம் சேர்த்து வைக்கணும்? ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க.

பத்திர நகல், வரி ரசீது, அடையாளச் சான்று எல்லாம் நீங்களே சேர்த்திருப்பீர்கள். அதில் யாரும் தோற்பதில்லை. தோற்பது பழைய பிளானில்தான். வீடு கட்டும்போது ஒப்புதல் வாங்கிய பிளான் ஒன்று, இன்று வீடு நிற்கும் நிலையை அளந்து போட்ட பிளான் ஒன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பொருந்தவே பொருந்தாது.

என்னிடம் ஒருவர் மாடியில் ஒரு அறை எடுக்க வந்தார். ஒப்புதல் பிளானில் முன்பக்கம் திறந்த வராந்தா. நான் போய் நின்றபோது அது ஒரு படுக்கையறை. அவருக்கு முன்னால் இருந்தவர் சுவர் வைத்து மூடியிருக்கிறார், இவர் அறை என்றே நம்பி வாங்கியிருக்கிறார். மாடிக்கான விண்ணப்பம் கீழ்த்தளத்திலேயே மாட்டிக்கொண்டது. முதலில் வராந்தாவை முறைப்படுத்தி, பிறகுதான் மாடிக்குப் போக முடிந்தது. ஆகவே நான் எல்லோரிடமும் சொல்வது: என்ன கட்டப் போகிறீர்கள் என்று யோசிக்கும் முன், என்ன கட்டியிருக்கிறது என்பதைக் காகிதத்தில் கொண்டுவாருங்கள். பழைய பிளான் வீட்டில் இல்லையென்றால் அலுவலகப் பதிவில் நகல் கேளுங்கள்.

புது பிளானில் இருப்பது, இடிப்பது, கட்டுவது மூன்றும் மூன்று நிறத்தில் தெரிய வேண்டும். பல இடங்களில் இடிப்பது மஞ்சள், புதுசு சிவப்பு. உங்கள் அலுவலகத்தின் வழக்கம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மேல்மாடிக்காரர்: தோராயமா செலவு எவ்வளவு ஆகும் அக்கா?

முன்னுரையை இன்னொரு தரம் படிக்கவும்.

ஜெராக்ஸ் கடை வாசலில்: பிளான் வரைஞ்சவர் அளவு எல்லாம் சரியாத்தான் போட்டிருந்தார். ஆனா வீட்டுச் சுவருக்கும் மனை எல்லைக்கும் நடுவுல விட வேண்டிய காலி இடம் குறையுதுன்னு எழுதித் திருப்பிட்டாங்க. நேர்ல டேப் வச்சுப் பார்த்தா ஒன்றரை மீட்டர் சரியா இருக்கு.

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் எனக்குக் கொண்டாட்டம். பிளானை எந்தத் தாளில் பிரின்ட் எடுத்தீர்கள்? ஏ3-ல் போட்டதை ஏ4-ல் எடுத்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். 1:100 என்றால் தரையில் ஒரு மீட்டர், தாளில் ஒரு சென்டிமீட்டர். உங்கள் ஒன்றரை மீட்டர் தாளில் 15 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஏ3-ஐ ஏ4-க்குச் சுருக்கினால் அது 10.6 மில்லிமீட்டர் ஆகிவிடும். மேலே இன்னும் '1:100' என்றே எழுதியிருக்கும். அங்கே ஸ்கேல் வைத்துப் பார்ப்பவருக்கு உங்கள் காலி இடம் ஒரு மீட்டர்தான். அவர்மேல் தப்பில்லை.

பிரின்ட் எடுக்கும் பையனிடம் 'தாளுக்குப் பொருத்து' என்பதை எடுத்துவிட்டு, ஏ3 தாளிலேயே நூறு சதவீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். பிளானின் ஓரத்தில் ஒரு அளவுக் கோடு வரையச் சொல்லுங்கள், தாள் சுருங்கினால் கோடும் கூடவே சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். வாங்கியதும் கடை வாசலிலேயே ஒரு அறையை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். மூன்று மீட்டர் அறை மூன்று சென்டிமீட்டர் இருக்கிறதா? அவ்வளவுதான்.

வெளிநாட்டில் இருப்பவர்: கான்ட்ராக்டர் எல்லாத்தையும் அவரே பார்த்துக்கிறேன்னு சொல்றார். நாலு படிவத்துல கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினா போதுமாம்.

நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அனுமதி உங்கள் பெயரில் வருகிறது. மீறினால் நோட்டீஸும் உங்கள் பெயரில்தான் வரும், கான்ட்ராக்டர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார். அலைவது அவர் அலையட்டும், தப்பில்லை. நிரப்பிய படிவமும் பிளானும் பக்கம் பக்கமாக உங்களுக்கு வந்து, படித்த பிறகு கையெழுத்து. அனுமதிக் கடிதத்தில் இருக்கும் நிபந்தனைகளை வேலை ஒப்பந்தத்திலும் சேர்க்கச் சொல்லுங்கள்.

நாலாவது தளம்: அடுக்குமாடியில் சங்கத்துல ஓகே வாங்கிட்டோம். போதும்ல?

போதாது. சங்கத்தின் சம்மதம் வேறு, உள்ளாட்சி அனுமதி வேறு. இரண்டும் வேண்டும்.

மூத்த மகன்: அப்பா பேர்ல இருந்த வீடு. அவர் இல்லை. தம்பி கையெழுத்துப் போட மாட்டேங்கிறான்.

இது வக்கீலிடம் போக வேண்டிய விஷயம் தம்பி. பங்குதாரர் எல்லோரும் சம்மதிக்காமல் நான் டேப்பையே எடுக்க மாட்டேன்.

பழைய ஷெட்டுக்காரர்: பின்பக்கம் பழைய சிமென்ட் ஷீட் கூரை. நாளைக்குக் கழட்டி உடைச்சுப் போட்டுட்டு கான்கிரீட் போடலாம்னு...

உடைக்காதீர்கள். பழைய சிமென்ட் ஷீட் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். முழுசாக இருக்கும் வரை ஓரளவு சாது. உடைத்தால், அறுத்தால், தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கும், புற்றுநோய் வரை கொண்டுபோகும். அதற்கென்று பழகியவர்களைக் கூப்பிட்டு, நனைத்து, முழுத் தகடாக இறக்க வேண்டும். எங்கே ஒப்படைப்பது என்று உள்ளாட்சியில் கேளுங்கள். கூரை மாறுவதால் அனுமதியும் வேண்டும்.

சமையலறைக்காரி: கிச்சனைப் பெரிசாக்க அனுமதி வேணுமா?

சுவர் போகிறதா, குழாய் நகர்கிறதா? முதல் பதில்.

மேஸ்திரி: நான் முப்பது வருஷமா வேலை செய்யறேன்மா. நாலரை இன்ச் சுவரை எடுக்கக்கூட, எடுக்கலாம்னு இன்ஜினியர் கடிதம் எதுக்குக் கேட்கறாங்க? தட்டிப் பார்த்தாலே மேல் பாரம் தாங்குற சுவரா, வெறும் தடுப்புச் சுவரான்னு எனக்குத் தெரியும்.

அண்ணே, உங்கள் கைப்பழக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தட்டினால் தெரிவது பூச்சு பெயர்ந்திருக்கிறதா என்பதுதான். மேலே என்ன உட்கார்ந்திருக்கிறது என்று சுவர் சொல்லாது.

சைட் இன்ஜினியர்: மேஸ்திரி சொல்றதுல நியாயம் இருக்கு. பில்லர், பீம் வச்ச வீட்ல சுவர் வெறும் திரைதான். கடிதம் கேட்கறது வெட்டிச் சம்பிரதாயம். நானே கையெழுத்துப் போட்டிருக்கேன், வீட்டைப் பார்க்காமலே.

கடைசி வரியை நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம்! பில்லர் வீட்டைப் பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பில்லர் வீடு என்று யார் சொன்னது? முன்னால் அழகுக்கு இரண்டு பில்லர், பின்னால் முழுக்கச் சுவர் மேலேயே கான்கிரீட் என்று எத்தனை வீடு அளந்திருக்கிறேன். இன்னொன்று, கான்கிரீட் பாரத்தில் வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்யும். கட்டும்போது திரையாக இருந்த சுவர்மேல் இருபது வருஷம் கழித்து ரூஃப் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். நீளமான வெளிச்சுவர் பக்கவாட்டில் ஆடாமல் அந்த நாலரை இன்ச் குறுக்குச் சுவர்தான் பிடித்துக்கொண்டிருக்கவும் கூடும்.

மேஸ்திரி: அப்படிப் பார்த்தா எதையுமே தொட முடியாதும்மா.

தொடலாம். முதலில் மேல் தளத்தில் அதே இடத்தில் சுவர் இருக்கிறதா பாருங்கள். ரூஃப் கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது, தலைக்குமேல் பீம் இருக்கிறதா, எங்கே போய் முடிகிறது? இதைப் பார்த்துக் கணக்குப் போட்டு எழுதுவதுதான் அந்தக் கடிதம்.

சைட் இன்ஜினியர்: ஒரு வீட்டுச் சுவருக்கு இவ்வளவு பயமுறுத்தணுமா?

1995-ல் தென்கொரியாவின் சியோல் நகரில் சாம்பூங் என்ற பெரிய கடைக் கட்டடம் இடிந்து 502 பேர் செத்தார்கள். பூகம்பம் இல்லை, குண்டு இல்லை. எஸ்கலேட்டருக்காகத் தூண்களைச் செதுக்கியிருந்தார்கள், ஒரு மாடியைக் கூட்டினார்கள், அந்த மாடியின் உபயோகத்தை மாற்றினார்கள், மொட்டை மாடி ஏசி இயந்திரங்களை இழுத்து நகர்த்தினார்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் 'சின்ன மாற்றம்'. வீடு அவ்வளவு பெரிசில்லைதான், பாரம் இறங்குகிற வழி ஒன்றுதான்.

மேஸ்திரி: சரி, ஒண்ணு சொல்றேன். ஒரு வீட்ல அப்படி எடுத்தோம். எடுத்த அன்னிக்கு ஒண்ணுமில்ல. ஆறு மாசம் கழிச்சு மாடிச் சுவர்ல ஜன்னல் மூலையிலேர்ந்து சாய்வா ஒரு விரிசல். பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சோம். திரும்ப வந்துச்சு.

அதேதான் அண்ணே. சாய்வாக வந்து, அடைத்தும் திரும்ப வருகிறதென்றால் கீழே ஏதோ இறங்குகிறது. அந்த வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடுங்கள்.

கடன் கேட்டவர்: புதுப்பிப்புக் கடனுக்கு எந்த பேங்க் நல்லது?

தெரியாது.

இன்னொருவர்: பாத்ரூம் டைல்ஸ் மாத்த...

முதல் பதில். முதல் பதில். முதல் பதில்.

அவசரம்னு சொல்லிக் கொடுத்தாங்க: ஏஜென்ட் ரெண்டு வெத்துப் படிவம்...

போடாதீர்கள்.

இரண்டு மாடி வீட்டுக்காரர்: இதையெல்லாம் படிச்சுட்டு வயித்தைக் கலக்குது. நேத்துதான் ஹாலுக்கும் ரூமுக்கும் நடுச்சுவரை எடுத்துட்டாங்க. பத்தடி அகலம். மேல அதே இடத்துல சுவர் இருக்கு. எந்தக் கடிதமும் வாங்கலை. இப்ப விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பம் அப்புறம். இப்போதே ஜாக்கி கொடுங்கள், அதாவது முறுக்கி உயரம் சரிசெய்யும் இரும்பு முட்டு. சுவர் இருந்த கோட்டை ஒட்டி இரண்டு பக்கமும் வரிசையாக, மேலேயும் கீழேயும் கெட்டிப் பலகை வைத்து. ஜாக்கியை முறுக்கி ரூஃபைத் தூக்கப் பார்க்காதீர்கள், தாங்கினால் போதும். இன்றே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை, கட்டடத்தின் பாரம் தாங்கும் கணக்குப் போடுபவரை, கூப்பிடுங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், மிச்ச வேலையை நிறுத்துங்கள், எதையும் பூசி மறைக்காதீர்கள். மேஸ்திரி அண்ணே, ஜாக்கி எவ்வளவு இடைவெளியில் என்று சொல்லுங்கள்.

மேஸ்திரி: மூணடிக்கு ஒண்ணு, அதுக்கு மேல போகாதீங்க. கீழ மண்ணு தரைன்னா பலகை அகலமா போடுங்க. இன்ஜினியர் வந்து நெருக்கச் சொன்னா நெருக்குங்க.

இரண்டு மாடி வீட்டுக்காரர்: ஆள் வந்து ஜாக்கி கொடுத்துட்டாங்க. ரெண்டு பக்கமும் நாலு நாலு. இன்ஜினியர் காலைல ஏழு மணிக்கு வரார்.

நல்லது. மேல் தளத்தில் இன்று ராத்திரி யாரும் படுக்க வேண்டாம். மொட்டை மாடித் தொட்டி அந்தப் பக்கமா இருக்கிறது?

இரண்டு மாடி வீட்டுக்காரர்: ஆமா, நேரா அதுக்கு மேலதான்.

குழாயைத் திறந்து விடுங்கள். முழுசும் போகட்டும்.