சிலிக்கான் மையும் பிளாஸ்மா அறையும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

மதுரை வட்டாரத்தில் படிப்பவர்களும் தொழிலில் இருப்பவர்களுமாகப் பலர் சிலிக்கான் நானோ துகள் மையைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். சில நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுள்ள சிலிக்கான் துகள்கள் கலந்த, அச்சிடக்கூடிய திரவம் அது. சூரிய மின்கலத் தொழிற்சாலையில், பிளாஸ்மா (மின்சாரத்தால் எலெக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து நிற்கும் வாயு) மூலம் படலம் படியவைக்கும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

பொறியியல் மாணவி, திருப்பரங்குன்றம்: சிலிக்கான் 1,414 டிகிரி செல்சியஸில் உருகும் என்று படித்திருக்கிறோம். அப்படியிருக்க, கண்ணாடித் தகட்டின் மேல் 200, 300 டிகிரியிலேயே அதை எப்படிப் படிய வைக்கிறார்கள், ஐயா?

உருக்கி ஊற்றுவதில்லை அம்மா. வாயுவை உடைத்துப் படிய விடுகிறோம். ஒரு சிலிக்கான் அணுவும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த வாயு சிலேன். வெப்பத்தால் மட்டுமே அதை உடைத்துப் படலமாக்குவதென்றால் 600 டிகிரிக்கு அருகில் போக வேண்டும். பிளாஸ்மாவில் அந்த வேலையை எலெக்ட்ரான்கள் செய்கின்றன. காற்றை வெளியேற்றிய அறையில் சிலேனைக் குறைந்த அழுத்தத்தில் விட்டு, இரு தட்டுகளுக்கிடையே 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் மின்னழுத்தம் கொடுத்தால், எலெக்ட்ரான்களின் வெப்பநிலை பல்லாயிரம் டிகிரிக்கு ஏறிவிடும். வாயுவோ சில நூறு டிகிரிக்குள் நின்றுகொள்ளும். ஒரு சிலேன் மூலக்கூறு எலெக்ட்ரானைவிட ஐம்பதாயிரம் மடங்குக்கும் மேல் கனமானது. எதிர்சேவைக் கூட்டத்துக்குள் பொடிப்பிள்ளைகள் முட்டி மோதி ஓடினாலும் கூட்டம் நகராதது போல, எலெக்ட்ரான் மோதுவதால் மூலக்கூறு வேகம் பெறுவதில்லை. ஆனால் அதன் பிணைப்பு அறுந்துபோகும். அறுந்த துண்டுகள் தகட்டில் ஒட்டி, ஒழுங்கான படிக அடுக்கு இல்லாத சிலிக்கானாக வளர்கின்றன. அதில் கூடவே தங்கிவிடும் ஹைட்ரஜன், இணை கிடைக்காத பிணைப்புகளை அடைத்துவிடுவதால்தான் அந்தப் படலம் பயன்படுகிறது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் ஸ்பியரும் லெகோம்பரும் 1975இல் இதற்குப் பாஸ்பரஸும் போரானும் ஊட்டி மின்கடத்தலை விருப்பப்படி மாற்றிக் காட்டினார்கள்.

முதுநிலை இயற்பியல் மாணவர், நாகமலைப் புதுக்கோட்டை: நானோ துகள்களும் அதே பிளாஸ்மாவில்தான் உருவாகின்றன என்கிறார்கள். அப்படியானால் படலமும் துகளும் ஒன்றையொன்று கெடுக்காதா?

நன்றாகவே கெடுக்கும், தம்பி. வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஏனெனில் என் வேலைநாட்களில் பெரும்பகுதி அந்தத் துகளோடு மல்லுக்கட்டுவதிலேயே போனது. சிலேனின் அழுத்தத்தையோ மின்திறனையோ கொஞ்சம் கூட்டிவிட்டால், உடைந்த துண்டுகள் தகட்டுக்கு வந்து சேரும் முன்பே வாயுவுக்குள் ஒன்றோடொன்று சேர்ந்து தூளாகிவிடும். அந்தத் தூள் எலெக்ட்ரான்களைப் பிடித்து எதிர்மின்னேற்றம் பெறுவதால், தட்டுகளின் ஓரத்திலுள்ள மின்புலம் அதைத் தள்ளி நடுவிலேயே மிதக்க வைக்கிறது. மின்சாரத்தை நிறுத்தியதும் அது வேஃபரின் (மெல்லிய சிலிக்கான் வில்லையின்) மேல் இறங்கும். 1980களின் இறுதியில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் செல்வினும் அவருடைய குழுவினரும் லேசர் ஒளியைப் பாய்ச்சி, வேஃபருக்கு மேலே வளையமாக மிதக்கும் தூளைக் கண்டார்கள். வெளியிலிருந்து வருகிறது என்று அதுவரை எண்ணப்பட்ட மாசு, கருவிக்குள்ளேயே பிறக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. நான் இருந்த ஒரு தொழிற்சாலையில், உற்பத்தி எண்ணிக்கைக்காக அறையைச் சுத்தம் செய்யும் நாளைத் தள்ளிப்போட்டு, ஒரு ஷிப்டின் தகடுகள் முழுவதையும் கழித்துக் கட்டினோம். பம்பின் குழாயைத் திறந்தபோது பழுப்பு நிறத் தூள் புட்டு மாவைப் போல் அடைத்திருந்தது.

மை செய்பவர்கள் அந்தத் தூளையே பயிராக வளர்க்கிறார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மாங்கோலினி, திம்சன், கோர்ட்ஸ்ஹேகன் ஆகியோர் 2005இல் வெளியிட்ட முறையில், ஆர்கானோடு கலந்த சிலேன் ஒரு குறுகிய குழாயில் பிளாஸ்மாவைச் சில மில்லி விநாடிகளில் கடந்துவிடும். அதிக நேரம் தங்கினால் துகள் பெரிதாகும். வேகமாகக் கடந்தால் சிறிதாகவே வெளியேறும். எல்லாத் துகள்களுக்கும் எதிர்மின்னேற்றம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கி, கட்டியாகாமல் இருக்கின்றன. எங்கள் தலைவலிக்குக் காரணமான அதே மின்னேற்றம்தான் அவர்களுக்குக் கைகொடுக்கிறது. மேற்பரப்பில் எலெக்ட்ரான்களும் அயனிகளும் சேரும்போது வெளிப்படும் ஆற்றலால் துகள் மட்டும் சுற்றியுள்ள வாயுவைவிடச் சூடேறிப் படிகமாகிவிடுகிறது. அதன்பின் துகளின் மேற்பரப்பில் நீண்ட கரிமச் சங்கிலிகளை இணைத்தால், அது கரைப்பானில் கலங்காமல் மிதக்கும். அதுதான் மை. ஐந்து நானோமீட்டருக்குக் குறைந்த துகள்கள் புற ஊதா ஒளியில் சிவப்பாக ஒளிரும் என்பது கூடுதல் அழகு.

ஆப்செட் அச்சக உரிமையாளர், சிவகாசி: மை என்கிறீர்கள். எங்கள் இயந்திரத்தில் ஓட்ட முடியுமா?

ஆப்செட்டில் முடியாது. ஆப்செட் மைக்குப் பசைத்தன்மை வேண்டும், பக்கத்திலேயே தண்ணீர் உருளையும் ஓடும்; சிலிக்கான் துகளுக்கோ காற்றிலுள்ள ஈரமே பகை. இங்க்ஜெட்டும் ஸ்கிரீன் பிரிண்டிங்கும்தான் ஒத்துவரும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. காலண்டர் மை காய்ந்தால் உங்கள் வேலை முடிந்தது. சிலிக்கான் மை காய்ந்தால் எங்கள் வேலை பாதிதான் முடிந்திருக்கும். காய்ந்த நிலையில் அது குவித்து வைத்த பொரியைப் போன்றது. துகளுக்கும் துகளுக்கும் இடையே வெற்றிடமும், மின்சாரம் கடத்தாத கரிமச் சங்கிலிகளும் இருப்பதால் மின்சாரம் கடக்காது. லேசராலோ உலையாலோ சுட்டு ஒன்றிணைக்க வேண்டும். நானோ துகள் 1,414 டிகிரிக்குக் கீழேயே உருகத் தொடங்கும் என்பது அங்கே உதவும். இருந்தாலும் பிளாஸ்டிக் தாள் தாங்கும் சூட்டில் நல்ல படலம் கிடைப்பது கடினம்.

அதனால்தான் வெற்றி பெற்ற பயன்பாடு வேறு வழியில் வந்தது. கலிஃபோர்னியாவின் இன்னோவாலைட் நிறுவனம், முழுப் படலத்தையும் அச்சிட முயலாமல், சாதாரணச் சிலிக்கான் வேஃபரில் வெள்ளிக் கோடுகள் அமரும் இடங்களில் மட்டும் பாஸ்பரஸ் கூடுதலாகச் சேர மையைப் பயன்படுத்தியது. கோட்டுக்கடியில் மின்தடை குறைந்தது. மற்ற இடங்களில் ஒளி வீணாவது தவிர்க்கப்பட்டது. 2011இல் அந்நிறுவனத்தை டூபாண்ட் வாங்கியது. அந்த வெள்ளிக் கோடுகளைச் சூரிய மின்கலத் தொழிற்சாலைகளில் ஸ்கிரீன் பிரிண்டிங்கில்தான் போடுகிறார்கள் என்பதால், உங்கள் தொழில் இத்துறைக்கு அந்நியமில்லை.

பட்டாசு ஆலை மேற்பார்வையாளர், சாத்தூர்: நாங்கள் அலுமினியப் பவுடரோடு பழகுகிறவர்கள். இது அதைப் போல் ஆபத்தானதா?

உங்களுக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது. பொடி நுணுக நுணுக மேற்பரப்பு பெருகுகிறது, தீப்பற்றும் இயல்பும் கூடுகிறது. இதைவிட சிலேனுக்கே நான் அஞ்சுவேன்; அது காற்றில் கசிந்தால் தீப்பொறியே இல்லாமல் தானாகப் பற்றும். சில வேளைகளில் உடனே பற்றாமல் தேங்கி நின்று பிறகு வெடிக்கும், அது இன்னும் மோசம்.

வீட்டு உரிமையாளர், ஒத்தக்கடை: மாடியில் வைத்த பேனல் ஏன் நீலமாக இருக்கிறது?

பிளாஸ்மாவில் படிந்த சிலிக்கான் நைட்ரைடு படலம்தான் காரணம். சுமார் 75 நானோமீட்டர் தடிமன், ஒளிவிலகல் எண் 2. இரண்டையும் பெருக்கினால் வரும் 150 நானோமீட்டர், 600 நானோமீட்டர் அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு என்பதால், அந்த அலைநீள ஒளி திரும்பாமல் உள்ளே போகிறது. கொஞ்சம் நீலம் மட்டும் திரும்புகிறது.

ஆய்வு மாணவி, மதுரை: பிளாஸ்மாவே இல்லாமல் திரவத்திலிருந்து சிலிக்கான் செய்ய முடியாதா?

முடியும். 2006இல் ஜப்பானின் ஷிமோடாவும் குழுவினரும், ஐந்து சிலிக்கான் அணுக்கள் வளையமாக அமைந்த திரவச் சிலேனைப் பயன்படுத்தி டிரான்சிஸ்டர் செய்தார்கள். சுழற்றிப் பூசியதில் எலெக்ட்ரான் இயங்குதிறன் (மின்புலத்தில் எலெக்ட்ரான் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்ற அளவு) 108 வந்தது. இங்க்ஜெட்டில் அச்சிட்டதில் 6.5 மட்டுமே வந்தது. அலகு, வோல்ட் விநாடிக்குச் சதுர சென்டிமீட்டர். திரவம் ஒன்றுதான், பூசும் முறைதான் மாறியது. எனவே மையின் வேதியியலை மட்டும் படித்துக்கொண்டிராமல், சொட்டு எப்படிப் பரவிக் காய்கிறது என்பதையும் ஆராயுங்கள் என்பது என் யோசனை.

அதே மாணவி: மையை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள், மூடிய புட்டியில் வையுங்கள். திறந்துவிட்டால் துகளின் மேல் ஆக்சைடு ஏறத் தொடங்கும். நாலைந்து நானோமீட்டர் துகள் தன் எடையால் கீழே இறங்காது. ஆகவே புட்டியின் அடியில் வண்டல் தெரிந்தால் துகள்கள் கட்டியாகிவிட்டன என்று பொருள். அந்த மையை இங்க்ஜெட் முனையில் ஏற்றாதீர்கள்.