"இன்றைக்கு என்ன படித்தாய்?" "விளையாடினோம்!" – ஆரம்ப வகுப்புக் கேள்வி பதில்

கேள்வி: தரம் 3 இல் 36 பிள்ளைகள். வீட்டில் கேட்டால் "விளையாடினோம்" என்கிறார்களாம். கொப்பியில் எழுத்தே இல்லை என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள். வகுப்பில் நடப்பதை இவர்களுக்கு எப்படித் தெரியப்படுத்துவது? எனக்கு நேரமும் குறைவு.
– ஆசிரியை, கொட்டாஞ்சேனை

பதில்: பிள்ளைகள் சொல்வது உண்மைதான். நமது இலங்கைப் பாடத்திட்டத்தில் தரம் 1, 2 இல் விளையாட்டுக்கு முதலிடம். தரம் 3, 4 இல் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே இடம். தரம் 5 இல்தான் எழுத்து மேலோங்குகிறது. கொப்பியை மட்டும் புரட்டிப் பார்க்கும் தாய்க்கு இது தெரிய வழியில்லை. கொப்பியில் விழாத கற்றலை நீங்கள்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

அதற்கு வெள்ளிக்கிழமைதோறும் அரைத் தாள் போதும். ஒரு ஏ4 தாளில் இரண்டு பிரதி வரும். 36 பேருக்கு 18 தாள், கைகாவலாக இன்னொன்று. இந்த வாரம் என்ன செய்தோம், எதற்காகச் செய்தோம், பிள்ளையிடம் கேட்க ஒரு கேள்வி, திங்கட்கிழமை கொண்டுவர வேண்டியது. இவ்வளவுதான், 70 சொல்லுக்குள். நீண்டால் வாசிக்க மாட்டார்கள். புறக்கோட்டையில் கடையைப் பூட்டிவிட்டு இரவு எட்டு மணிக்கு வீடு வரும் தகப்பன் நின்ற நிலையில் வாசித்து முடிக்கிற அளவாக இருக்கட்டும்.

பலர் தவறுவது மொழியில். ஆசிரியர் வழிகாட்டியில் உள்ள தேர்ச்சியை (பிள்ளை பெற வேண்டிய திறனை) அப்படியே பார்த்து எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: "ஈர்க்குகளைப் பத்துப் பத்தாக இறப்பர் பட்டி போட்டுக் கட்டினோம். 42 இலிருந்து 17 ஐ எடுக்கத் தனி ஈர்க்கு இரண்டு போதவில்லை. ஒரு கட்டை அவிழ்த்தோம். தனி ஈர்க்கு 12 ஆனது. வீட்டில் 31 இலிருந்து 14 ஐ எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்."

இதில் இன்னொரு பயனும் உண்டு. ஈர்க்குக் கட்டு பற்றித் தெரியாத வீட்டில், "பக்கத்தில் கடன் வாங்கு" என்று தங்களுக்குப் பழகிய முறையைத் திணிப்பார்கள். இரண்டு முறையும் குழம்பிய பிள்ளை 42 – 17 = 35 என்று எழுதும்; ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறது. அந்த 35 ஐயும் தாளில் சொல்லிவிடுங்கள்: "35 என்று விடை வந்தால் திட்ட வேண்டாம், கட்டை அவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்." பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த தாய், பிள்ளையை மொக்கு என்று சொல்ல மாட்டாள். தாளிலேயே மிகப் பெறுமதியான வரி இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

நேரத்துக்கு வழி: வெள்ளிக்கிழமை உட்கார்ந்து யோசிக்காதீர்கள். தினமும் வகுப்பு முடிந்ததும் பாடக்குறிப்புக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். வியாழக்கிழமை அந்த நாலு வரியிலிருந்து தாள் பிறந்துவிடும். தனித் தாளாகக் கொடுத்தால் தண்ணீர்ப் போத்தல் கசிந்து பையின் அடியில் கூழாகும். செய்திக் கொப்பியில் பிள்ளையையே ஒட்டச் சொல்லிப் பெற்றோர் கையொப்பம் கேளுங்கள். திங்கட்கிழமை கையொப்பம் இல்லாத கொப்பிகளை மட்டும் பாருங்கள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு வாரம் வரவில்லையென்றால் தொலைபேசியில் பேசுங்கள். அதைக் குற்றமாக எடுக்காதீர்கள். அங்கே வாசிக்க ஆளில்லாமல் இருக்கலாம்.

கேள்வி: எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு நாளைக்கு நூறு செய்தி வருகிறது. ரீச்சர் போடும் அறிவித்தல் அதற்குள் காணாமல் போகிறது. படம் போடுவதிலும் சண்டை.
– பெற்றோர், வெள்ளவத்தை

பதில்: குழு அமைப்பில் நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று மாற்றச் சொல்லுங்கள். அரட்டைக்குப் பெற்றோர் தனிக் குழு வைத்துக்கொள்ளலாம். ஆசிரியையின் செய்தி, மாலை ஐந்து மணி என்றால் ஐந்து மணிக்கே, ஒரு நாளைக்கு ஒன்றாக வரட்டும்.

படத்தில் முகம் வேண்டாம். கைகளும் செய்த வேலையும் தெரிந்தால் போதும். பிள்ளை பற்றிய தரவை விசேட வகையாகப் பார்க்கிறது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். முகம் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் தவணைத் தொடக்கத்தில் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். ஒரு பிள்ளையின் சித்திரத்தை மட்டும் போட்டால் மற்ற வீடுகளிலும் ஒப்பீடு தொடங்கும். சுவரில் எல்லோருடையதையும் ஒட்டிவிட்டு ஒரே படமாக எடுக்கலாம். புள்ளியும் நோயும் நடத்தையும் குழுவில் பேசும் விடயமே அல்ல.

கேள்வி: சிங்கள மொழியில் படித்த பெற்றோர் பலர் என் வகுப்பில். தமிழ்த் தாளை வாசிக்கச் சிரமப்படுகிறார்கள்.
– ஆசிரியர், மட்டக்குளி

பதில்: தாளை வாசித்து 45 வினாடிக் குரல் பதிவாக அனுப்புங்கள். பேசும் தமிழ் அவர்களுக்கு விளங்கும். வெளிநாட்டில் வேலை செய்யும் தகப்பனும் கேட்பார். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்பும் பழக்கம் மட்டும் வேண்டாம். ல, ள, ழ மூன்றும் அதில் ஒன்றாகிவிடும். அந்த வேறுபாட்டைத்தானே பிள்ளைக்கு வகுப்பில் படிப்பிக்கிறோம்.

கேள்வி: தவணை இறுதிக் கூட்டத்தில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது. என்ன கேட்பது?
– தாய், பம்பலப்பிட்டி

பதில்: "வகுப்பில் எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்டால் ஓர் எண்ணோடு திரும்புவீர்கள், அதை வைத்து வீட்டில் எதுவும் செய்ய முடியாது. அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளில் (ஒவ்வொரு பிள்ளையும் கட்டாயம் பெற வேண்டிய திறன்களில்) எது இன்னும் வரவில்லை, எதைத் தானாகச் செய்கிறான், எதற்கு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். கணிதக் கொப்பியையும் மொழிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோய், அது தெரியும் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். மகனையும் கூட்டிப் போங்கள். அவனைப் பற்றிய பேச்சு அவன் முன்னாலேயே நடக்கட்டும்.