கார்டு மெஷினும் ஜாவாவும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஜாவாபாஸ் (கடைக் கருவிகளை ஜாவா நிரலோடு இணைக்கும் பொதுத் தரம்) வழியாக கார்டு ரீடரை இணைத்திருக்கிறேன். முதல் தேய்ப்பு சரியாக வருகிறது. இரண்டாவது கார்டைத் தேய்த்தால் சத்தமே இல்லை.

ஒரு தகவல் வந்து சேர்ந்ததும் அடுத்த தகவலை வாங்க அனுமதிக்கும் ‘டேட்டா ஈவென்ட் எனேபிள்டு’ தானாகவே அணைந்துவிடும். முதல் கார்டின் வேலை முடியும் முன் அடுத்தது வந்து குறுக்கே விழாமல் இருக்கவே அப்படி வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அதை மறுபடி ட்ரூ ஆக்குங்கள்.

கேள்வி: டிவைஸ் வேலை செய்யவில்லை. அவசரம். என்ன செய்வது?

எந்த டிவைஸ், என்ன பிழை எண் என்று எதுவும் எழுதாமல் அவசரம் என்றால் நான் எதைப் பார்த்துச் சொல்வது? ஜாவாபாஸில் முதலில் ஓப்பன் (திறப்பது), அடுத்து கிளெய்ம் (உங்கள் நிரலுக்கென்று பிடிப்பது), அதன் பிறகே எனேபிள் (இயக்குவது). இந்த வரிசை மாறக் கூடாது. பிழை எண் 102 என்றால் வேறொரு நிரல் அந்த டிவைஸைப் பிடித்து வைத்திருக்கிறது. 104 என்றால் டிவைஸை இயக்கும் சர்வீஸ் மென்பொருள் கிடைக்கவில்லை. கான்ஃபிக் ஃபைலில் உள்ள பெயரையும் கிளாஸ்பாத்தையும் (ஜாவா தன் ஃபைல்களைத் தேடும் இடங்கள்) பாருங்கள். 107 என்றால் கேபிளையும் பவரையும் பாருங்கள். அடுத்த முறை எண்ணோடு எழுதுங்கள்.

கேள்வி: தொகையை மெஷினுக்கு அனுப்பிவிட்டு 30 விநாடி காத்திருக்கிறோம். பதில் வராவிட்டால் நிரலே திரும்ப அனுப்பிவிடும். சில வாடிக்கையாளர்கள் இரண்டு முறை பணம் போய்விட்டது என்று சண்டைக்கு வருகிறார்கள். டைம்-அவுட்டை 60 ஆக்கினால் சரியாகுமா?

ஆகாது. சண்டைக்கு வருபவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் இதை எழுதுவேன்: டைம்-அவுட் என்றால் பணம் போகவில்லை என்று அர்த்தம் இல்லை, போனதா இல்லையா என்று தெரியவில்லை என்றுதான் அர்த்தம். வங்கி ஒப்புதல் கொடுத்த பிறகு மெஷினுக்கும் கல்லாவுக்கும் நடுவே கேபிள் ஒரு நொடி ஆடினாலும் உங்கள் நிரலுக்குத் தெரிவது அதே டைம்-அவுட்தான்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை ஒரு ஜவுளிக்கடை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா, பில் சுமார் 4,800 ரூபாய். திரையில் ‘மீண்டும் முயல்கிறது’ என்று வந்தது. அடுத்தடுத்து இரண்டு எஸ்எம்எஸ். அவர் போனை நீட்டிக் காட்டுகிறார். கல்லாவில் இருந்த பையன் திரையைக் காட்டி, “ஒரு பில்தான்மா ஏறியிருக்கு” என்கிறான். இருவர் சொன்னதும் உண்மை. பையில் எடுத்து வைத்திருந்த யூனிஃபார்ம் துணியை அந்த அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். கேட்ச் பிளாக்கில் (பிழை வந்தால் ஓடும் பகுதி) யாரோ மறுபடி சேல் கமாண்டை (பணம் எடுக்கச் சொல்லும் கட்டளை) எழுதி வைத்ததன் விலை அது.

சரி, செய்ய வேண்டியது என்ன? அனுப்பும் முன்பே உங்கள் குறிப்பு எண்ணையும் தொகையையும் டேட்டாபேஸில் எழுதி, நிலை ‘தெரியவில்லை’ என்று வையுங்கள். அதன் பிறகு அனுப்புங்கள். பதில் வரவில்லையா, சேல் கமாண்டைத் தொடாதீர்கள். அந்தக் குறிப்பு எண்ணுக்கு என்ன ஆயிற்று என்று மெஷினைக் கேளுங்கள். கடைசிப் பரிவர்த்தனையைக் கேட்கும் கமாண்ட் பெரும்பாலான மெஷின்களில் உண்டு, கையேட்டில் தேடுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் மெஷின் திரையையும் ரசீதையும் கல்லாக்காரர் பார்த்து முடிவு செய்யட்டும். நிரல் பாதியில் நின்று மறுபடி எழும்போது, புது பில் போடும் முன் ‘தெரியவில்லை’ வரிகளை முதலில் தீர்க்க வேண்டும்.

கேள்வி: தொகையை டபிளில் (தசம எண் வகை) வைத்து 100-ஆல் பெருக்கி அனுப்புகிறேன். எப்போதாவது ஒரு பைசா குறைகிறது.

19.99-ஐ டபிளில் 100-ஆல் பெருக்கினால் 1999-க்குக் கொஞ்சம் குறைவாக வரும். இன்ட் (முழு எண்) ஆக்கினால் 1998. பணத்தைத் தொடக்கம் முதலே பைசாவாக, லாங்கில் (பெரிய முழு எண் வகை) வையுங்கள்.

கேள்வி: சீரியல் போர்ட்டில் வரும் செய்தி சில நேரம் பாதிதான் வருகிறது. முழுசாக வந்தாலும் எல்ஆர்சி (செய்தி சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கும் பைட்) சில சமயம் பொருந்துவதில்லை. மெஷின் பழுதா?

மெஷின் மேல் பழி போடாதீர்கள். ரீட் என்பது அந்த நேரத்தில் வந்து சேர்ந்ததை மட்டும் கொடுக்கும். ஒரு முறை கூப்பிட்டால் ஒரு முழுச் செய்தி என்று யாரும் உறுதி தரவில்லை. செய்தி முடிந்தது என்று காட்டும் இடிஎக்ஸ் பைட் வரும் வரை சேர்த்துக்கொண்டே போங்கள், அதற்குப் பிறகு வரும் ஒரு பைட்தான் எல்ஆர்சி. அப்புறம், ஜாவாவில் பைட்டுக்கு மைனஸ் உண்டு. நீங்கள் இன்ட்டாக வைத்திருக்கும் 149 அங்கே -107 ஆக நிற்கும். இரண்டையும் 255-உடன் ஆண்ட் செய்துவிட்டு ஒப்பிடுங்கள். 127 வரை பொருந்தி, அதற்கு மேல் பொருந்தாமல் போவதால்தான் ‘சில சமயம்’ என்கிறீர்கள்.

கேள்வி: 1,000 ரூபாய்க்கு யுஎஸ்பி ஸ்மார்ட் கார்டு ரீடர் வாங்கினேன். ஜாவாவின் ஸ்மார்ட்கார்டுஐஓ நூலகம் வழியாக கமாண்ட் அனுப்பினால் 9000 வருகிறது. இதை வைத்தே கடையில் பணம் வாங்கலாமா?

முடியாது. 9000 என்றால் கார்டு அந்த ஒரு கமாண்டை ஏற்றது, அவ்வளவுதான். பணம் நகர, சான்று பெற்ற இஎம்வி (சிப் கார்டுகளுக்கான தரம்) மென்பொருளும், பின் எண்ணை உள்ளேயே குறியாக்கம் செய்யும் கருவியும், வங்கி ஒப்பந்தமும் வேண்டும். கற்றுக்கொள்ள நல்ல கருவி, கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிழை தேட வசதியாக மெஷினிலிருந்து வருவதை அப்படியே லாக் ஃபைலில் எழுதி வைக்கிறோம். தவறில்லையே?

தவறு. கார்டு எண்ணில் முதல் 6, கடைசி 4 இலக்கம் போதும், நடுவில் நட்சத்திரம் போடுங்கள். ட்ராக் தகவலையும் (கார்டின் காந்தப் பட்டையில் இருப்பது) சிவிவியையும் ஒப்புதல் கிடைத்த பிறகு குறியாக்கம் செய்துகூட வைத்திருக்கக் கூடாது என்று பிசிஐ (கார்டு நிறுவனங்களின் பாதுகாப்புத் தரம்) விதி சொல்கிறது. பழைய லாக் ஃபைல்களை இன்றே அழியுங்கள், பேக்கப்பில் இருப்பதையும் சேர்த்து.