மைக் மோர் பற்றிக் கேளுங்கள்: மிசிசிப்பி அட்டர்னி ஜெனரலும் சிகரெட் கம்பெனிகளும்

அமெரிக்க மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது மாநில அரசின் தலைமை வழக்கறிஞர், பதவி பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பொதுவாகப் பேசினால் பிடிபடாது, அதனால் ஒரே ஆளை வைத்துச் சொல்கிறேன்: 1988 முதல் 2004 வரை மிசிசிப்பியில் அந்தப் பதவியில் இருந்து, சிகரெட் கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டுப் பணம் வாங்கிய மைக் மோர்.

சார், இது நம்ம ஊர் அட்வகேட் ஜெனரல் மாதிரிதானே?

வேலையில் கொஞ்சம் ஒற்றுமை உண்டு, அதிகாரம் வரும் வழியில் இல்லவே இல்லை. இங்கே அரசியல் சட்டம் 165-ம் பிரிவின்படி ஆளுநர் நியமிக்கிறார், நடைமுறையில் ஆட்சி மாறினால் ஆளும் மாறுவார். அங்கே 43 மாநிலங்களில் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கவர்னர் (அங்கே அவர்தான் நம்ம முதல்வர் மாதிரி ஆட்சித் தலைவர்) ஒரு கட்சி, இவர் எதிர்க்கட்சி என்பதெல்லாம் சகஜம். கவர்னருக்கு இவரைப் பிடிக்கவில்லை என்றாலும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. மோர் கதை முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

எப்படி இந்த இடத்துக்கு வந்தார்? அரசியல் குடும்பமா?

கடலோர ஊரான பாஸ்ககோலாக்காரர். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துவிட்டு, சொந்த மாவட்டத்திலேயே தேர்தலில் நின்று அரசு வழக்கறிஞர் ஆனார். உள்ளூர் நிர்வாகத்தில் இருந்தவர்கள் மேலேயே ஊழல் வழக்குப் போட்டுப் பெயர் வாங்கினார். 1987 தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்று மாநில அட்டர்னி ஜெனரல் பதவியை ஜெயித்தார். நடுவில் 1989-ல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நின்று தோற்றதும் உண்டு.

புகையிலை வழக்கு அவர் யோசனைதானா? அதுவரை ஏன் யாரும் ஜெயிக்கவில்லை?

யோசனை அவருடையது இல்லை. சட்டக் கல்லூரியில் கூடப் படித்த மைக் லூயிஸ் என்ற சின்ன ஊர் வக்கீல் 1993-ல் கொண்டுவந்தது. 1950-களிலிருந்தே நோயாளிகள் தனித்தனியாக வழக்குப் போட்டுத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். "கெடுதல் என்று தெரிந்துதானே குடித்தாய், பெட்டியிலேயே எழுதியிருந்ததே" என்று கம்பெனி கேட்டால், தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியும் தலையாட்டிவிடும். லூயிஸ் இதைத் திருப்பிப் போட்டார். நோயாளி குடித்தார், சரி, மாநில அரசு எப்போது சிகரெட் குடித்தது? ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தில் அந்த நோய்களுக்கு வைத்தியச் செலவு செய்தது மட்டும்தான் அரசு. லாபம் உங்களுக்கு, செலவு எங்களுக்கா, எடுங்கள் பணத்தை.

1994 மே மாதம் மோர் வழக்குப் போட்டார். போட்ட இடமும் கெட்டிக்காரத்தனம்: சொந்த ஊரில் இருக்கும் சான்சரி நீதிமன்றம். அங்கே ஜூரி கிடையாது, நீதிபதியே முடிவு செய்வார். பழைய வாதத்தைச் சொல்லி ஜூரி மனதைக் கரைக்க வழியே இல்லை. 1995-ல் பிரவுன் அண்ட் வில்லியம்சன் சிகரெட் கம்பெனியின் முன்னாள் விஞ்ஞானி ஜெஃப்ரி வைகண்ட் அதே பாஸ்ககோலாவுக்கு வந்து கம்பெனிக்கு எதிராக வாக்குமூலம் கொடுத்தார். கம்பெனிகள் நிஜமாகவே கலங்கியது அதற்கப்புறம்தான் என்பது என் அபிப்பிராயம்.

கவர்னர் சும்மா இருந்தாரா அண்ணா?

எங்கே இருந்தார்! கவர்னர் கிர்க் ஃபோர்டைஸ் குடியரசுக் கட்சி. மெடிக்கெய்ட் தன் துறை, தன்னைக் கேட்காமல் வழக்குப் போட அட்டர்னி ஜெனரல் யார் என்று 1996-ல் மாநில உச்ச நீதிமன்றத்துக்கே போனார். 1997-ல் நீதிமன்றம் வழக்கை நிறுத்த மறுத்துவிட்டது. சொந்த மாநில கவர்னரே குறுக்கே நின்றும் வழக்கு ஓடியது. நியமனப் பதவியாக இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே ராஜினாமாக் கடிதம் வாங்கியிருப்பார்கள்.

எவ்வளவு கிடைத்தது? வக்கீல்கள்தான் அள்ளினார்கள் என்கிறார்களே?

விசாரணை தொடங்கச் சில நாள் இருக்கும்போது, 1997 ஜூலையில், கம்பெனிகள் சமரசத்துக்கு வந்தன. மிசிசிப்பிக்கு சுமார் 340 கோடி டாலர். பிறகு ஃப்ளோரிடா, டெக்சஸ், மினசோட்டா தனித்தனியாக வாங்கின. 1998 நவம்பரில் மீதி 46 மாநிலங்கள் சேர்ந்து, 25 வருஷத்தில் சுமார் 20,600 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டன. விளம்பரப் பலகைகளும் கார்ட்டூன் விளம்பரங்களும் போனது அந்த ஒப்பந்தத்தால்தான்.

வக்கீல் விஷயம் உண்மைதான். அரசிடம் காசு இல்லை, அதனால் ரிச்சர்ட் ஸ்க்ரக்ஸ் போன்ற தனியார் வக்கீல்கள் சொந்தப் பணத்தைப் போட்டு நடத்தினார்கள், ஜெயித்தால்தான் கூலி. கூலியைத் தீர்மானித்த நடுவர் குழு மிசிசிப்பி வழக்கு வக்கீல்களுக்கு மட்டும் சுமார் 140 கோடி டாலர் கொடுத்தது. தோற்றிருந்தால் மாநிலத்துக்கு நஷ்டமில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஆனாலும் அட்டர்னி ஜெனரல் தன் கூட்டாளிகளுக்கே வேலை கொடுக்கும் வழக்கம் எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. அந்த ஸ்க்ரக்ஸ் பின்னாளில் வேறொரு வழக்கில் நீதிபதிக்கு லஞ்சம் கொடுக்க முயன்ற குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார், அது தனிக்கதை.

வந்த பணம் சிகரெட்டை நிறுத்தப் பயன்பட்டதா?

கொஞ்சம். பிள்ளைகள் புகைபிடிப்பதைத் தடுக்க ஒரு அமைப்புக்கு வருஷம் 2 கோடி டாலர் போகும்படி மோர் நீதிமன்ற உத்தரவு வாங்கி வைத்திருந்தார். அவர் பதவியை விட்டதும், செலவு செய்யும் உரிமை சட்டமன்றத்துக்குத்தான் என்று அப்போதைய கவர்னர் ஹேலி பார்பர் எதிர்த்தார், 2006-ல் அது நின்றது. சட்டப்படி பார்பர் சொன்னது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொதுக் கஜானாவில் விழுந்த பணம் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன.

இப்படிப் பெயர் வாங்கியவர் கவர்னர் ஆகவில்லையா?

இல்லை. பலருக்கும் இந்தப் பதவி கவர்னர் நாற்காலிக்கு ஏணி. பில் கிளின்டன் கூட ஆர்கன்சாவில் இதிலிருந்துதான் ஏறினார். மோர் 2003-ல் மறுபடி நிற்கவே இல்லை, தனியார் வக்கீலாகிவிட்டார். பின்னாளில் ஓபியாய்டு வலி மாத்திரைக் கம்பெனிகள் மேல் மாநிலங்கள் போட்ட வழக்குகளிலும் வேலை செய்தார். அங்கேயும் அதே வாதம்தான்.

சட்டம் படிக்கிறேன் சார், எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ஃபோர்டைஸ் விவகாரத்தில் மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் 1997-ல் கொடுத்த தீர்ப்பிலிருந்து. அப்புறம் 1998 ஒப்பந்தத்தில் விளம்பரக் கட்டுப்பாடுகள் பகுதியை மட்டும் படிம்மா. முழுதாக இறங்கினால் செமஸ்டர் போய்விடும்.